பக்கிங்காம் கால்வாய்ப் படகுப் போக்குவரத்து

பக்கிங்காம் கால்வாய்ப் படகுப் போக்குவரத்து என்பது, ஆந்திரப் பிரதேசத்தின் பெத்தகஞ்சாம் முதல் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை சோழமண்டலக் கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து 20 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி வரை நடைபெற்ற பயணிகள் போக்குவரத்தையும் சரக்குப் போக்குவரத்தையும் குறிக்கும். கால்வாயின் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ. ஆகும். இதில் சுமார் 257 கி.மீ. ஆந்திரப் பிரதேசத்திலும், சுமார் 163 கி.மீ. தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. பெரும்பாலான இடங்களில் கடலுக்கும் கால்வாய்க்கும் இடையேயுள்ள தொலைவு ஒரு கிலோமீட்டர் அளவே ஆகும்.

இன்று சென்னையில் இக்கால்வாயைப் பார்ப்பவர்களுக்கு அது ஒரு கழிவுநீர் ஓடையாகவே தோன்றும். ஆனால் இது பாசனத்துக்காகவோ வடிகாலாகவோ வெட்டப்பட்டதன்று. படகு செல்வதற்காகவே வெட்டப்பட்ட உப்புநீர் வழி இது. தொடர்வண்டியும் தார்ச்சாலையும் வருவதற்கு முன்னர் நெல்லூர்ச் சீமையையும் சென்னையையும் மரக்காணத்து உப்பளங்களையும் இணைத்த நெடுஞ்சாலை இதுவே எனலாம்.

உள்நாட்டு நீர்வழியின் தேவை

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகக் குறைவு. கரையோரத்தில் அலைகள் ஓயாது மடிந்து விழுவதால், சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. மரப்பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆட்களையும் பொருட்களையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் அச்சமும் சேர்ந்துகொள்ளும். தரைவழியும் எளிதாக இல்லை. கரையோர நிலம் மணற்பாங்கானது. பல ஆறுகளும் உப்பங்கழிகளும் அதனைக் குறுக்கே வெட்டுகின்றன. மாட்டு வண்டிகள் மணலில் புதையும். ஆற்றுக்கு ஆறு காத்திருக்க வேண்டும்.

ஆனால் இதே நில அமைப்பு ஒரு வசதியையும் தந்தது. பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, கோவளம் கழி, மரக்காணம் கழி எனக் கடலுக்கு இணையாக நீர்நிலைகள் ஏற்கனவே வரிசையாக இருந்தன. அவற்றுக்கு இடையே உள்ள மணல்மேடுகளை வெட்டி இணைத்தால் அலையில்லாத நீண்ட நீர்வழி ஒன்று கிடைத்துவிடும். பக்கிங்காம் கால்வாய் இவ்வாறு உருவானதே. எனவே இதனை முழுவதும் மனிதரால் வெட்டப்பட்ட கால்வாய் என்று கூறுவது சரியன்று.

வரலாறு

கால்வாயின் முதற்பகுதியைத் தொடங்கியவர் அரசு அல்லர். பேசில் காக்ரேன் என்னும் தனியார் வணிகர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்பந்தக்காரராக இருந்த இவர் 1801 இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் வெட்டவும், அதில் செல்லும் படகுகளிடம் கட்டணம் பெறவும் உரிமை பெற்றார். சுமார் 11 மைல் நீளமுள்ள இப்பகுதி 1806 இல் பயன்பாட்டுக்கு வந்தது. நெடுங்காலம் இது காக்ரேன் கால்வாய் என்றே அழைக்கப்பட்டது. 1837 இல் அரசு இதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வடக்கே படிப்படியாக நீட்டித்தது. சென்னைக்குத் தெற்கே அடையாற்றில் இருந்து பாலாற்றை நோக்கிச் செல்லும் பகுதி 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்டது.

இவ்வாறு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரு கால்வாய்கள் இருந்தன. இடையில் சென்னை நகரம். கூவம் ஆற்றுக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சுமார் 8 கி.மீ. தொலைவுக்குக் கால்வாய் இல்லாததால், வடக்கில் இருந்து வரும் சரக்கு தெற்கே செல்ல வேண்டுமானால் படகில் இருந்து இறக்கி வண்டியில் ஏற்றி நகரைக் கடந்து மீண்டும் படகில் ஏற்ற வேண்டியிருந்தது.

இந்த 8 கி.மீ. வெட்டப்பட்டது ஒரு பெரும் துயரத்தின் நடுவே. தாது வருடப் பஞ்சம் எனத் தமிழர் நினைவில் நிற்கும் 1876-78 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். ஊர்களை விட்டு நகரை நோக்கி வந்தவர்களுக்குப் பஞ்ச நிவாரணப் பணியாக மண்வெட்டும் வேலை தரப்பட்டது. 1877-78 இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி இவ்வாறே தோண்டப்பட்டது. பஞ்சக் கண்காணிப்புக்காக இந்திய அரசால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 இல் நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் எனக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். கடினமான உடலுழைப்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அக்கூலி பின்னர் உயர்த்தப்பட்டது.

அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் (1875-1880) பக்கிங்காம் மற்றும் சாண்டோசு கோமகன் ஆவார். அவர் பெயரே 1878 இல் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எதுவும் கால்வாயின் எந்தப் பகுதிக்கும் இல்லை.

வடக்கே பெத்தகஞ்சாமில் இக்கால்வாய், கிருஷ்ணா ஆற்றுப் பாசனக் கால்வாய்களுள் ஒன்றான கொம்மமூரு கால்வாயுடன் இணைகிறது. கோதாவரி அணை (1852), கிருஷ்ணா அணை (1855) ஆகியவற்றுக்குக் காரணமான பொறியாளர் ஆர்தர் காட்டன், பாசனக் கால்வாய்களில் படகும் செல்ல வேண்டும் என்ற கொள்கை உடையவர். தொடர்வண்டிப் பாதைக்குச் செலவிடுவதை விடக் கால்வாய்களுக்குச் செலவிடுவதே இந்தியாவுக்கு நல்லது என்று அவர் இறுதிவரை வாதிட்டார். ஏலூரு கால்வாயும் காக்கிநாடா கால்வாயும் இவ்வமைப்பைச் சேர்ந்தவை. இவற்றின் வழியாகக் காக்கிநாடாவில் படகேறிய ஒருவர் கடலைத் தொடாமலேயே மரக்காணம் வரை வர இயலும்.

நீர்மட்டமும் கதவடைப்புகளும்

பக்கிங்காம் கால்வாய்க்கு நீர் தரும் அணை எதுவும் இல்லை. கடல்மட்டம் நாளுக்கு இருமுறை உயர்ந்து தாழும் ஓதத்தினால் கழிமுகங்கள் வழியாக உட்புகும் உப்புநீரும், ஆறுகள் கொண்டுவரும் நீருமே இதனை நிரப்புகின்றன. சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே என்பதால், ஆழம் குறைந்த இக்கால்வாயில் அந்த ஒரு மீட்டரே படகு மிதப்பதையும் தரைதட்டுவதையும் முடிவு செய்தது.

கால்வாய் ஆறுகளைக் குறுக்கே கடக்கும் இடங்களே பொறியியல் நோக்கில் மிகக் கடினமானவை. ஆரணியாறு, கொசத்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு எனத் தமிழ்நாட்டுப் பகுதியில் மட்டும் ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. ஆந்திரப் பகுதியில் பெண்ணாறு, சுவர்ணமுகி, குண்டலகம்மா முதலியன உள்ளன. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கால்வாய்க்குள் புகுந்தால் கரை உடையும்; மணலும் வண்டலும் படியும். கோடையில் ஆற்றின் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துவிட்டால் ஓதம் உட்புகாது. கால்வாய் நீர் ஆற்றில் வடிந்து போகும். இவ்விரண்டையும் தடுக்க, ஆற்றங்கரைகளில் கால்வாயின் வாயில்களில் 'லாக்' எனப்படும் கதவடைப்புகள் கட்டப்பட்டன.

கதவடைப்பு என்பது இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட கல்லாலான தொட்டி ஆகும். கால்வாயில் நீர்மட்டம் உயர்ந்தும் ஆற்றில் தாழ்ந்தும் இருப்பதாகக் கொள்வோம். கால்வாய்ப் பக்கக் கதவைத் திறந்து படகு தொட்டிக்குள் வருகிறது. அக்கதவு மூடப்படுகிறது. பின்னர் ஆற்றுப் பக்கத்தில் உள்ள சிறு மதகு வழியாகத் தொட்டி நீர் மெல்ல வெளியேற்றப்படுகிறது. தொட்டியின் மட்டமும் ஆற்றின் மட்டமும் சமமானதும் ஆற்றுப் பக்கக் கதவைத் திறந்து படகு வெளியேறுகிறது. எதிர்த்திசையில் செல்லும் படகுக்கு இதே முறை தலைகீழாக நடைபெறும். இதற்கு எந்திரமோ எரிபொருளோ தேவையில்லை. கதவின் இருபுறமும் நீர்மட்டம் சமமாகும் வரை எவ்வளவு பேர் தள்ளினாலும் கதவு திறக்காது. சமமானபின் ஓரிருவரே திறந்துவிடலாம். இவ்வளவு எளிமையான ஏற்பாட்டால் பல டன் எடையுள்ள படகை ஏற்றவும் இறக்கவும் முடிந்தது வியப்புக்குரியது.

ஆற்றைக் கடக்கும் படகு ஒரு கரையில் உள்ள கதவடைப்பில் இருந்து வெளிவந்து, ஆற்றின் குறுக்கே சென்று, எதிர்க்கரையின் கதவடைப்புக்குள் நுழைய வேண்டும். வெள்ளக் காலத்தில் நீர் வடியும் வரை கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படகுகளும் படகோட்டிகளும்

இக்கால்வாயில் சென்றவை தட்டையான அடிப்பகுதி கொண்ட நீண்ட மரப்படகுகள். காற்று வாய்ப்பாக இருக்கும்போது பாய் விரிப்பர். பழவேற்காடு ஏரி போன்ற அகன்ற பரப்புகளில் பாய் பெரிதும் உதவியது. குறுகலான பகுதிகளில் கோல் ஊன்றித் தள்ளுவதும், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பதுமே வழக்கம். இதற்காகக் கால்வாயை ஒட்டி நடைபாதை விடப்பட்டிருந்தது. வண்டியில் பல நடையாகக் கொண்டுசெல்ல வேண்டிய சுமையை நீரில் மிதக்கவிட்டு ஓரிருவர் இழுத்துச் சென்றுவிடலாம் என்பதே நீர்வழியின் பொருளியல் அடிப்படை. ஆனால் அந்த ஓரிருவரின் உழைப்பு மிகக் கடுமையானது.

இதற்கு ஒரு முக்கியமான இலக்கியச் சான்று உள்ளது. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் சென்னையில் இருந்து மாமல்லபுரத்துக்கு இக்கால்வாய் வழியே தோணியில் சென்ற அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையில் பாடியுள்ளார். இங்குச் செலவு என்பது பயணம் என்னும் பொருளில் வருகிறது. வழியின் அழகில் தொடங்கும் கவிதை, கரையில் தோளில் கயிற்றைச் சுமந்து இழுத்துச் செல்பவரையும் முதுகு வளைந்து கோலால் தோணியைத் தள்ளுபவரையும் கண்டதும் தொழிலாளர் துயரத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. கால்வாய்ப் படகு எவ்வாறு இயக்கப்பட்டது என்பதைத் தமிழில் நேரில் கண்டு பதிவு செய்த ஆக்கங்களுள் இது குறிப்பிடத்தக்கது. கால்வாய் புதுச்சேரி வரை நீள்வதாகக் கவிதை கூறினாலும், உண்மையில் அது மரக்காணத்துடன் முடிகிறது.

பயணிகள்

சென்னையில் இருந்து மாமல்லபுரச் சிற்பங்களைக் காணச் செல்வோர் கால்வாய்ப் படகையே பெரிதும் நம்பியிருந்தனர். இடைப்பட்ட தொலைவு 50 கிலோமீட்டருக்கும் அதிகம். இழுப்பவரின் நடைவேகமே படகின் வேகம் என்பதால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். எனவே மாலையில் படகேறி, இரவெல்லாம் படகிலேயே உறங்கி, மறுநாள் சென்று சேர்வது வழக்கமாயிற்று. மாமல்லபுரத்தில் கால்வாய் ஊருக்கு மேற்கே செல்கிறது. இறங்கிய பின் கடற்கரைக் கோயில் வரை நடக்க வேண்டும். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இப்பயணம், அன்று உணவும் படுக்கையும் எடுத்துச் செல்ல வேண்டிய ஒன்றாக இருந்தது.

தெற்கு நோக்கிச் செல்லும் பயணி கடக்கும் இடங்கள் இன்றும் அடையாளம் காணக் கூடியவை. அடையாற்றைக் கடந்ததும் திருவான்மியூர், பின்னர் சோழிங்கநல்லூர். இடப்புறம் கடலோர மணல்மேடுகள், வலப்புறம் தாழ்ந்த வயல்களும் சதுப்பும். அடுத்து முட்டுக்காட்டில் கால்வாய் கோவளம் கழியில் திறந்து அகன்ற நீர்ப்பரப்பாகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகம், இடைக்கழிநாட்டின் தென்னந்தோப்புகள், ஒதியூர்க் கழி, இறுதியில் மரக்காணம். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களின் கிழக்குப்புறச் சன்னல்களில் தெரியும் நீர்க்கோடு இப்பாதையே. அங்கு வேலை செய்வோரில் பலர் அதன் பெயரை அறிந்ததில்லை.

சரக்குகள்

உப்பும் விறகும் இக்கால்வாயின் முதன்மைச் சரக்குகள். எண்ணூர், கோவளம், மரக்காணம் ஆகிய இடங்களின் உப்பளங்கள் அனைத்தும் கால்வாயை ஒட்டியே உள்ளன. சென்னை பேசின் பாலத்துக்கு அருகில் உள்ள சால்ட் கோட்டர்ஸ் என்னும் இடப்பெயர், உப்புக் கொட்டாரம் என்பதன் திரிபு எனக் கூறப்படுகிறது. கொட்டாரம் என்றால் சேமிப்புக் கிடங்கு. பேசின் பாலம் என்பதில் உள்ள பேசின், படகுகள் நிற்பதற்கான நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும்.

சமையல் எரிவாயு வருவதற்கு முந்தைய சென்னையின் அடுப்புகள் விறகையே நம்பியிருந்தன. கடற்கரை மணலில் பயிரிடப்பட்ட சவுக்கும், சிறீஅரிக்கோட்டாத் தீவின் காட்டு விறகும் படகில் வந்தன. (பின்னர் இத்தீவில் விண்வெளி ஏவுதளம் அமைந்தது.) பழவேற்காடு ஏரியின் அடியில் இருந்து எடுக்கப்பட்ட கிளிஞ்சல், நகரின் கட்டடங்களுக்கான சுண்ணாம்புக்காகக் கொண்டுவரப்பட்டது. நெல், கருவாடு, காய்கறி ஆகியனவும் உண்டு. மயிலாப்பூரில் உள்ள தண்ணீர்த்துறைச் சந்தையின் பெயர், காய்கறிப் படகுகள் வந்து நின்ற துறையை நினைவூட்டுகிறது.

வீழ்ச்சி

1899 இல் சென்னையையும் விசயவாடாவையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதை நிறைவுற்றபோதே கால்வாய்க்குப் போட்டி தொடங்கிவிட்டது. எனினும் அவசரமில்லாத, எடை மிகுந்த, விலை குறைந்த சரக்குகளுக்குப் படகே மலிவாக இருந்ததால் போக்குவரத்து மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. விடுதலைக்குப் பின் சாலைகளும் சரக்குந்துகளும் பெருகின. 1960-களின் நடுப்பகுதியிலும் 1976 இலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. அதன்பின் போதிய பராமரிப்பு இல்லை.

புயல்களை மட்டும் காரணமாகக் கூறுவது பொருத்தமாகத் தெரியவில்லை. புயலும் வெள்ளமும் இக்கரைக்குப் புதியவை அல்ல. நீர்வழி என்பது சங்கிலி போன்றது. ஒரு கதவடைப்புப் பழுதானாலும், ஓர் ஆற்றின் முகத்தில் மணல் தூர்ந்தாலும் முழு வழியும் நின்றுவிடும். சாலையில் பள்ளம் விழுந்தால் வண்டி சுற்றிக்கொண்டு போகலாம். கால்வாயில் சுற்றுவழி இல்லை. ஆண்டுதோறும் தூர்வாரும் வரைதான் அது நீர்வழியாக இருக்கும். படகு குறைந்ததால் தூர்வாருவது குறைந்தது. தூர்வாருவது குறைந்ததால் படகு மேலும் குறைந்தது.

சென்னை நகருக்குள் நிலைமை வேறு. இங்குக் கால்வாயின் இடமே வேறு பயன்பாட்டுக்குச் சென்றது. சென்னைக் கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை 1995 இலும், திருமயிலை வரை 1997 இலும், திருவான்மியூர் வரை 2004 இலும், வேளச்சேரி வரை 2007 இலும் திறக்கப்பட்ட பறக்கும் தொடர்வண்டிப் பாதை, நகரின் நடுவே பெரும்பகுதி கால்வாயின் தடத்திலேயே அமைக்கப்பட்டது. அதன் தூண்கள் நீருக்குள்ளேயே நிற்கின்றன. 25 மீட்டர் அகலமிருந்த கால்வாய் மயிலாப்பூர்ப் பகுதியில் சில இடங்களில் 10 மீட்டருக்கும் குறைவாகக் குறுகிவிட்டது. பஞ்ச காலத்தில் வடக்கையும் தெற்கையும் இணைப்பதற்காக வெட்டப்பட்ட அதே 8 கி.மீ. தான் இப்போது படகு செல்ல இயலாதபடி அடைபட்டுள்ளது. நிலம் கையகப்படுத்தும் செலவின்றி நகரின் நடுவே ஒரு பாதை கிடைத்தது என்பது திட்டமிட்டவர்களின் நோக்கில் நியாயமாகத் தோன்றியிருக்கலாம். அதனால் மிச்சமான பணத்தின் ஒரு பகுதி வெள்ளக் காலங்களில் வேறு கணக்கில் செலவாகிறது.

ஆழிப்பேரலையும் வெள்ளமும்

2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, பெத்தகஞ்சாமுக்கும் சென்னைக்கும் இடையே பல இடங்களில் கரையேறி வந்த கடல்நீரைக் கால்வாய் வாங்கிக்கொண்டு, சிறிது நேரத்தில் மீண்டும் கடலுக்கே திருப்பி அனுப்பியது. இதனால் கால்வாய்க்கு மேற்கே இருந்த ஊர்களில் பாதிப்புக் குறைந்ததாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். படகுக்காக வெட்டிய கால்வாய் காப்பகழியாகப் பயன்படும் என்று வெட்டியவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

தெற்குச் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயை அடைந்து, கோவளம் கழி வழியே கடலில் கலக்கிறது. 2015 திசம்பர் வெள்ளத்தின்போது இவ்வழியின் குறுகலும் தூர்வும் பரவலாகப் பேசப்பட்டன.

மீட்பு முயற்சிகள்

2008 நவம்பரில் காக்கிநாடா-புதுச்சேரிக் கால்வாய்த் தொடரும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளும் தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்நீர்வழி மேலும் நீட்டிக்கப்பட்டது. இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம் இதற்குப் பொறுப்பாகும். மரக்காணத்துக்குத் தெற்கே கால்வாய் இல்லாததால், கழுவேலி ஏரி வழியாகப் புதுச்சேரிக்குப் புதிய இணைப்பு வெட்டுவதும் திட்டத்தில் அடங்கும். பணிகள் முதலில் தொடங்கப்பட்டது கிருஷ்ணா ஆற்றில்; பக்கிங்காம் கால்வாயில் அன்று. சென்னை நகரப் பகுதிக்கு என்ன செய்வது என்பதே இத்திட்டத்தின் கடினமான கேள்வி. தூண்களுக்கு இடையே சரக்குப் படகுகள் செல்ல இயலாது. நகரைத் தவிர்க்க வேறு நீர்வழியும் இல்லை. எனவே வடக்குப் பகுதியையும் தெற்குப் பகுதியையும் தனித்தனியே மீட்பதே நடைமுறைக்கு உகந்ததாகத் தெரிகிறது. அவ்வாறு செய்தால் கால்வாய் 1877 க்கு முந்தைய நிலையை அடையும்.

இக்கால்வாய் வழியில் படகில் செல்ல விரும்புவோர்க்கு முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் உள்ளது. கால்வாய் கோவளம் கழியுடன் கலக்கும் அகன்ற நீர்ப்பரப்பில் மிதிபடகுகளும் விசைப்படகுகளும் இயக்கப்படுகின்றன. வடக்கே பழவேற்காட்டில் மீனவர்களின் படகுகள் ஏரியில் சென்று வருகின்றன.